அடித்தாள் ஒட்டாத பெட்டிகள்

குந்துநாதன் முதலாளியின் பத்திரிகைக் கடையில் மெஹர் பானு பதினான்கு வருஷம் வேலை பார்த்தாள். செஞ்சியில் காந்தி பஜாரை ஒட்டிய சந்தில் இருந்தது கடை. கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு என்று எந்த விசேஷமானாலும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பத்திரிகை அடிக்க அங்கேதான் வருவார்கள். அட்டையை மடிப்பது, உறைக்குள் போடுவது, கட்டுக் கட்டுவது எல்லாம் பானுவின் வேலை. அளவுகோல் வைக்காமலே நேராக மடிப்பாள். மற்றவர்கள் மடித்ததை முதலாளி ஒருமுறை பிரித்துப் பார்ப்பார். அவள் மடித்ததைப் பார்க்க மாட்டார்.

கொரோனாவுக்குப் பிறகு ஜனங்கள் போனிலேயே பத்திரிகை அனுப்பப் பழகிவிட்டார்கள். இரண்டு வருஷம் இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு முதலாளி கடையை மூடினார். கடைசி நாள் பரண்மேல் கிடந்த அட்டைக் கட்டுகளைக் கீழே இறக்கினார்கள். சாம்பிள் அட்டைகள், எழுத்துப் பிழையோடு அடித்தவை, அடித்த பிறகு யாரும் வாங்கிப் போகாதவை. எடைக்குப் போட முதலாளிக்கு மனசு வரவில்லை.

"பேரு போட்ட அட்டைம்மா. பஜ்ஜி மடிக்கப் போச்சின்னா நல்லா இருக்காது. நீ எடுத்துக்கினு போ. எழுத்து வெளிய தெரியாம எதுக்காச்சும் வெச்சிக்கோ" என்றார்.

பானுவின் புருஷன் சாந்த் பாஷா சொந்தமாகக் குட்டியானை லாரி ஓட்டுகிறவன். ஒரே நடையில் அத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். "இத வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற? கரையான் வளக்கப்போறியா?" என்று சிரித்தான்.

இரண்டு தெரு தள்ளி இருந்த சுமலதா அந்தச் சமயத்தில்தான் மெழுகுவத்தி செய்யக் கற்றிருந்தாள். கண்ணாடித் தம்ளரில் மெழுகு ஊற்றி, வெட்டிவேர் வாசனை சேர்த்து, மேலே காய்ந்த ரோஜா இதழ் வைப்பாள். நன்றாகத்தான் செய்தாள். ஆனால் பாலிதீன் பையில் சுற்றிக் கொடுத்த மெழுகுவத்தியை யார் பரிசு என்று நினைப்பார்கள்? மகளிர் குழுக் கூட்டத்தில் அவள் குறைப்பட்டுக் கொண்டபோது, பானு வீட்டுக்குப் போய் ஒரு பழைய பத்திரிகையை எடுத்தாள். எழுத்துப் பக்கம் உள்ளே போக, தங்கக் கொடி ஓடிய பக்கம் வெளியே வர மடித்தாள். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையால் ஒட்டினாள். உள்ளே பெயர் தெரியாமல் இருக்க அடியில் ஒரு வெள்ளைத்தாள். அட்டை வெட்டும்போது விழுந்த காகித இழைகளைச் சுருட்டி மெத்தைபோல் வைத்து, அதன் நடுவே தம்ளரை இருத்தி, வாழைநாரால் கட்டினாள். சுமலதா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது கடைல வாங்குனது மாதிரி இல்ல. அதவிட நல்லா இருக்குது."

அதன் பிறகு ஓய்வில்லை. சிவப்பு வெல்வெட் அட்டையில் வளையல் டப்பா போல உருண்டையாக ஒன்று செய்தாள். சந்தன நிற அட்டையில் ஜன்னல் வெட்டி, உள்ளே மெழுகின் நிறம் தெரிகிற மாதிரி ஒன்று. தாமரை மொட்டுப் போலக் குவிந்து, நாரை இழுத்தால் நான்கு பக்கமும் விரிகிற ஒன்று. அந்த மொட்டுப் பெட்டிக்குத்தான் கிராக்கி. ஸ்கூல் ஆண்டு விழா, டாக்டர் வீட்டுப் பிறந்தநாள், பாண்டிச்சேரியில் ஒரு கடை என்று கேட்டு வாங்கினார்கள். வாங்கியவர்கள் மெழுகுவத்தியை ஏற்றித் தீர்த்துவிட்டுப் பெட்டியில் வளையலும் ஊசிநூலும் போட்டு வைத்துக்கொண்டார்கள். "மெழுகுவத்தி இல்லாம பொட்டி மட்டும் குடுப்பீங்களா?" என்று ஒருத்தி சுமலதாவிடமே கேட்டாள். சுமலதா சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரியாக இல்லை என்பது பானுவுக்குத் தெரிந்தது.

பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் சுமலதாவின் பெயர் மட்டும் இருந்தது. பிளஸ் டூ படிக்கிற மகள் இக்ரா ஒருநாள் கேட்டுவிட்டாள். "உன் பேர ஏம்மா போடல?"

"பொட்டிக்கி எதுக்குடி பேரு?" என்று பானு வாயை அடைத்தாள். கேட்டதிலிருந்து அவளுக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

போன வருஷம் ஆவணியில் ஜெயஸ்ரீ டீச்சர் ஆர்டர் கொடுத்தார். செஞ்சியில் வேலை பார்க்கிறவர், சொந்த ஊர் விழுப்புரம். அண்ணன் மகள் அனுவுக்கு இங்கே மண்டபத்தில் நிச்சயதார்த்தம். வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு மெழுகுவத்தி. நூற்றைம்பது பெட்டி, எல்லாம் மொட்டுப் பெட்டி, ஒரே நிறம். நாலே நாள்.

ஒரே நிறத்தில் அத்தனை அட்டை இருந்த கட்டு ஒன்றே ஒன்றுதான். மாம்பழ மஞ்சளில் மயில் புடைத்து நிற்கிற அட்டை. பானு அதைப் பிரித்து வெட்டத் தொடங்கினாள். எழுத்துப் பக்கம் கீழே, மயில் பக்கம் மேலே. அந்தப் பெயர்கள் நூற்றைம்பது முறை அவள் விரலுக்கடியில் போயின. மறைக்க வேண்டியது என்பதற்கு மேல் அவற்றில் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அடியில் ஒட்டும் வெள்ளைத்தாள் தீர்ந்துபோனது. முப்பது பெட்டி மீதி. பஜாரில் கடையடைப்பு. மறுநாள் காலையில் வாங்கி ஒட்டினால் பசை காயாது என்று பானு தயங்கினாள்.

"வுடுங்கக்கா" என்றாள் சுமலதா. "தம்ளர் மேல குந்திக்கினு இருக்குது. அதத் தூக்கிட்டு அடிய யாரு பாக்கப்போறாங்க?"

பானுவும் விட்டுவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தும் அந்த இடத்துக்கு மேல் அவளால் போக முடியவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று பெட்டிகளை இறக்கும்போது மண்டப வாசலில் பூவால் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்தாள். குணாளன், அனு. எங்கேயோ பார்த்த பெயர் மாதிரி இருந்தது. கையில் அட்டைப்பெட்டி கனத்தது, உள்ளே போய்விட்டாள்.

தட்டு மாற்றி, சாப்பாடு முடிந்து, ஜனங்கள் கலையத் தொடங்கினார்கள். வாசலில் மேஜை போட்டு சுமலதா வெற்றிலைப் பையை எடுத்துத்தர, பானு பெட்டியைக் கொடுத்தாள். அனுவின் பெரியப்பா ஒருவர், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், நாற்காலியில் உட்கார்ந்து நாரை இழுத்தார். மொட்டு விரிந்தது. சந்தோஷமாகத் தம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். இழையை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"ஏம்மா ஜெயஸ்ரீ, பொண்ணு பேர தப்பா அடிச்சிருக்காங்களே!"

டீச்சர் வந்தார். "எதுல அண்ணா?"

"இதோ பாரு. குணாளன், சரியா போட்ருக்கு. பையனோட அப்பா பேரு, ஊரு அனந்தபுரம், எல்லாம் சரி. பொண்ணு பேரு பூங்குழலின்னு இருக்குது. சிங்கவரமாம். தேதிகூட..." அவர் நிறுத்திக்கொண்டார். தேதி நாலு வருஷத்துக்கு முந்தையது.

பானுவுக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. அடித்துக் கட்டி வைத்த பத்திரிகை. வாங்கிப் போக வேண்டிய நாளில் சிங்கவரத்தில் இருந்து பெண்ணின் அப்பா வந்து நின்றார். மாப்பிள்ளை வீட்டில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்றார். ஓசூரில் வேலை கிடைத்ததும் மாப்பிள்ளைக்கு வேலைக்குப் போகிற பெண்ணாக வேண்டியிருந்தது. வெளியில் ஜாதகம் சரியில்லை என்று சொன்னார்கள். அந்த மனுஷன் கடை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார்.

மண்டபத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் பெட்டியைப் பிரித்தார்கள். சிலதில் வெள்ளைத்தாள், சிலதில் பூங்குழலி. வெள்ளைத்தாளையும் நகத்தால் கிழித்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதலில் சிரித்தார்கள், பிறகு கத்தினார்கள். அனுவின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "ஏன் எங்ககிட்ட சொல்லல?" பெண் வீட்டார் மாற்றிய தட்டைத் திருப்பி வைத்தார்கள், நிச்சயம் நின்றுபோனது.

பதில் இல்லாத மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்தார்கள். குணாளனின் அம்மா மேஜையைத் தள்ளினாள். "யாருடி இத செஞ்சது? எவ ஏவி வுட்டா?"

சுமலதா இரண்டடி பின்னால் போனாள். "மெழுகுவத்தி மட்டும்தாம்மா எங்களுது. பொட்டி பானு அக்கா பண்ணது. அவங்க இன்னா காயிதத்துல பண்றாங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

பானு அவளையே பார்த்தாள். சுமலதா வெற்றிலைப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பானு வாய் திறந்திருக்கலாம். நீதானே விடச் சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். ஒட்டாமல் விட்டது தன் கைதானே என்று குனிந்து, சிதறிய பெட்டிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் சாந்த் பாஷா சொன்னான், "நீ இன்னா தப்பு பண்ண? ஒரு பொண்ணு தப்பிச்சுது. நல்லதுன்னு நெனச்சிக்கோ." அவளும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். அனுவின் வீட்டில் இருந்து ஒரு வார்த்தை நன்றியாக வரும் என்றுகூட எதிர்பார்த்தாள். ஜெயஸ்ரீ டீச்சர் பஜாரில் எதிரே வந்தபோது மருந்துக் கடைக்குள் நுழைந்துகொண்டார்.

அதற்குள் யாரோ ஒருவர் பெட்டியின் அடியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார். செஞ்சி, அனந்தபுரம், சேத்துப்பட்டு என்று அது சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பெயரும், இரண்டு ஊரும் பளிச்சென்று படிக்கிற மாதிரி.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கதவைத் தட்டிய பெண்ணைப் பானுவுக்கு அடையாளம் தெரியவில்லை. கையில் துணிப்பை. வயிறு லேசாக மேடிட்டிருந்தது.

"நான்தான் பூங்குழலி" என்றாள்.

பானு உள்ளே வரச் சொன்னாள். அவள் வரவில்லை.

"சீயமங்கலத்துல கட்டிக் குடுத்தாங்க. ரெண்டு வருஷம் ஆச்சி. முன்ன ஒரு எடத்துல பேசி நின்னுபோச்சின்னு எங்க நைனா சொல்லல. சொன்னா யாரு கட்டுவா? இப்போ அந்த போட்டோ எங்க வூட்டுக்காரரு போனுக்கு வந்துட்டுது. மாமியா ஒண்ணும் திட்டல. அம்மா வூட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வான்னு பஸ் ஏத்தி வுட்டாங்க."

பானு வாசலுக்கு வந்தாள். "வேணும்னு செய்யலம்மா. அல்லா மேல சத்தியமா..."

"தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா சண்டையாவது போடுவேன்." பூங்குழலியின் குரல் உயரவில்லை. "நாலு வருஷமா எம்பேரு உங்க கையில இருந்துருக்குது. கொளுத்திருக்கலாமே அக்கா. ஒரு நெருப்புக்குச்சி."

பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலத்துக்குள் பானு மிச்சம் இருந்த கட்டுகளையெல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். யார் யாருடைய பெயரோ சுருண்டு கருகியது. வெல்வெட் அட்டை மட்டும் எரியாமல் புகைந்து நாறியது. இக்ரா தடுக்கப் பார்த்துவிட்டு, பிறகு தானும் இரண்டு கட்டைத் தூக்கி வந்து போட்டாள்.

வெள்ளிக்கிழமை புருஷனை வண்டி எடுக்கச் சொல்லி சீயமங்கலம் போனாள். பூங்குழலியின் மாமியார் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். பானு கடையில் நடந்ததை, அந்த அப்பா வந்து நின்றதை, பெண்ணின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை ஒன்று விடாமல் சொன்னாள். பூங்குழலியின் புருஷன் உள்ளே இருந்தான். டி.வி. சத்தத்தைக் குறைத்தது மட்டும் கேட்டது.

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும்மா" என்றாள் மாமியார். "அத பொண்ணு வூட்ல சொல்லிருக்கணும். மெழுகுவத்தி விக்கிறவங்க வந்து சொல்ற மாதிரி ஆயிடுச்சில்ல."

பானு விற்றது மெழுகுவத்தி இல்லை. அதை அங்கே திருத்தி என்ன ஆகப்போகிறது? எழுந்து வந்துவிட்டாள்.

தை மாதம் குணாளனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் சேலம் பக்கம். போனில் வந்த பத்திரிகையை யாரோ சாந்த் பாஷாவுக்கும் அனுப்பியிருந்தார்கள். சுமலதா இப்போது சிவகாசியில் இருந்து ரெடிமேடு பெட்டி வரவழைக்கிறாள். வியாபாரம் குறையவில்லை. பானுவைக் கண்டால் நன்றாகவே பேசுவாள், "இன்னாக்கா, எளச்சிட்டீங்க" என்பாள். பானுவிடம் மட்டும் யாரும் எதுவும் செய்யக் கேட்பதில்லை. அவள் கை பட்டால் என்ன வெளியே வருமோ என்ற பயம் ஊருக்கு.

செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். விடியற்காலை கம்பெனி பஸ் வரும். முதலில் பசை தடவும் இடத்தில் போட்டார்கள். பிறகு தட்டையாக வரும் அட்டைகளை மடித்து ஷூவுக்குப் பெட்டியாக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். இரண்டாம் நாளே சூப்பர்வைசர் பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சூப்பரா மடிக்கிறீங்களே. முன்ன எங்கியாச்சும் பண்ணிருக்கீங்களா?"

"இல்லீங்க. இங்க வந்துதான்."

பங்குனியில் ஒருநாள் சாந்த் பாஷா சிங்கவரத்துக்குச் சிமெண்டு இறக்கப் போய்விட்டு வந்தான். கை கழுவிக்கொண்டே சொன்னான், "அந்தப் பொண்ணு கொழந்த பொறந்தப்புறம் சீயமங்கலம் போயிடுச்சாம் பானு."

அவள் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அவங்க வந்து கூட்டிக்கினு போனாங்களா? இல்ல இதுவே போச்சா?"

"அதக் கேக்கலியே."

"கேட்டிருக்கலாமில்ல."

"எப்டிக் கேப்பேன்? நான் யாருன்னு சொல்லிக் கேப்பேன்?"

பானு சோற்றைப் போட்டாள். அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.