முன்பின்னாகப் போட்ட ஜாக்கெட்

என் மாப்பிள்ளையின் முழங்கால் உடைந்ததற்கு நான்தான் காரணம். இதை என் மகளிடம் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

நான் மலேசியாவில், கூலாயில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தைந்து ஆண்டுகள் கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போனேன். இங்கே நாங்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டு ஓட்டுவோம்: கைகளை முன்னாலிருந்து நுழைப்போம், ஜிப் முதுகில் திறந்து கிடக்கும். நெஞ்சில் காற்று ஏறாது, சட்டையில் சேறு படாது, பள்ளி வாசலில் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன்.

மகள் கனடாவில் மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் எங்கள் பக்கத்துக் கெலாங் பாத்தா. பனியே பார்க்காமல் வளர்ந்தவர், அங்கே போனதும் இரண்டு பனி மோட்டார் சைக்கிள்களை வாங்கி வைத்திருந்தார். முன்சக்கரத்தின் இடத்தில் ஒரே ஒரு அகலமான சறுக்குப் பலகை, பின்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை. மற்றபடி மோட்டார் சைக்கிள்தான். அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது.

"அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசு. வெளையாடுறீங்களா?" என்றாள் மகள் அவரிடம்.

"மாமா பெக்கான் நானாஸ் சேத்துல ஓட்டுனவரு லா. என்னைவிட நல்லா ஓட்டுவாரு."

"ஏதாச்சும் ஆச்சு, உங்கள கெலாங் பாத்தாவுக்கே பார்சல் பண்ணிருவேன்."

மலையடிவாரத்தில் மாப்பிள்ளை எனக்குப் பாடம் எடுத்தார். ஆழமான பனியில் உட்காரக் கூடாது, நின்றபடி ஓட்ட வேண்டும். ஹேண்டிலைத் திருப்பினால் பலகை மூக்கைப் புதைத்துக்கொள்ளும். உடம்போடு வண்டியைச் சாய்த்துத்தான் திரும்ப வேண்டும். வேகம் குறைந்தால் மூழ்கிவிடும். கடைசியாக ஒரு சுருள் கயிற்றைக் காட்டினார். அதன் ஒரு முனை எஞ்சினை நிறுத்தும் பொத்தானில் இருந்தது. மறுமுனையில் இருந்த கொக்கியை என் ஜாக்கெட்டின் நெஞ்சிலிருந்த வளையத்தில் மாட்டினார். ஆள் விழுந்தால் கயிறு பொத்தானைப் பிடுங்கும், எஞ்சின் நின்றுவிடும்.

"இது முக்கியம் மாமா. நீங்க விழுந்து வண்டி தனியா ஓடுச்சுன்னா, அலமாக்!"

காலையில் சமதரையில் நான்கு முறை மூழ்கினேன். சேற்றில் வண்டி தடுமாறினால் இரண்டு கால்களையும் ஊன்றுவது என் பழக்கம். ஊன்றினேன். இடுப்புவரை போனேன். நான்கு முறையும் அவர்தான் மண்வெட்டியால் தோண்டி எடுத்தார்.

"கால வைக்காதீங்க மாமா. அங்க தரை இல்ல."

மதியத்துக்குள் ஓரளவு ஓட்ட வந்துவிட்டது. அப்போது காற்று எழுந்து ஜிப் வழியாக நெஞ்சில் குத்தியது. மாப்பிள்ளை முன்னால் போய்விட்டார். நான் மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தி, கொக்கியைக் கழற்றி, ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொண்டேன். வளையம் முதுகுக்குப் போய்விட்டதால் கொக்கி எட்டவில்லை. தொங்க வேண்டாமே என்று அதை ஹேண்டிலிலேயே மாட்டினேன். ஓடுகிற பொருள் தடுக்கப்படும்வரை ஓடிக்கொண்டே இருக்கும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான்.

அடுத்த சரிவின் கீழே மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கி எனக்காகக் காத்திருந்தார். சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது பலகை கீழ்ப்பக்கம் வழுக்கியது. மேட்டுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நான் பள்ளத்துப் பக்கம் காலை ஊன்றினேன். அங்கே தரை இல்லை. நான் விழுந்தேன், வண்டி விழவில்லை. ஆக்சிலேட்டரில் பனி இறுகிப்போய், வண்டி ஆளில்லாமல் கீழே பாய்ந்தது. அவர் ஒதுங்கியிருக்கலாம். கயிறு எஞ்சினை நிறுத்திவிடும் என்று நம்பி நின்றிருந்தார். வண்டி அவர் முழங்காலில் மோதியது.

நான் உருண்டும் தவழ்ந்தும் போய்ச் சேர்ந்தபோது, "மாமா, உங்களுக்கு ஒன்னும் ஆகலையே?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு ஹேண்டிலில் மாட்டியிருந்த கொக்கியைப் பார்த்தார். என் ஜாக்கெட்டையும் பார்த்தார். மீட்புக்காரர்களை வரச் சொல்லிவிட்டு என்னிடம், "ஜாக்கெட்ட நேரா போடுங்க மாமா. ஆளுங்க வர்றாங்க," என்றார்.

நேராகப் போட்டுக்கொண்டேன்.

மருத்துவமனையில் மகள் கேட்டாள்: "கயிறு மாட்டலையா?"

"மாட்டுனேம்மா. வண்டிதான் நிக்கல."

மாப்பிள்ளை கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொத்தான் பழசு," என்றார்.

"பழசுன்னு தெரிஞ்சேதான் எங்கப்பாவ ஏத்துனீங்களா?"

வண்டிகள் இரண்டும் விற்கப்பட்டன. நான் மேலும் மூன்று வாரம் அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினேன்.

சென்ற மாதம் மகள் போனில் பேசும்போது, பேத்தியைப் பனிச்சறுக்கு பழக்க அழைத்துப் போகட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டதாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் சொன்னாள்.

"அவர நம்பி பிள்ளைய அனுப்ப முடியாதுப்பா. உங்களையே ஓட்டை வண்டியில ஏத்துனவரு."

அப்போதுதான் சொன்னேன். ஜாக்கெட், கொக்கி, ஹேண்டில், எல்லாவற்றையும். மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அப்ப இத்தன நாளா அவர நான் பேசுன பேச்செல்லாம்?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வீடியோவுக்கு வாங்கப்பா," என்றாள். கணவரையும் கூப்பிட்டாள். அவர் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து திரையில் உட்கார்ந்தார்.

"எதுக்கு மாமா இப்ப அதெல்லாம்…"

"நீங்க சும்மா இருங்க. உங்க பேர கெடுத்தவரு அவரு. அவரே சொல்லட்டும்."

அவர் முகத்தைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும் மகள் அவர் பக்கம் திரும்பி, "சனிக்கிழமை பாப்பாவ நீங்களே கூட்டிட்டுப் போங்க," என்றாள். பிறகு என்னிடம், "அப்பா, உங்ககிட்ட நான் அப்புறம் பேசுறேன்," என்றாள்.

இன்னும் பேசவில்லை. சனிக்கிழமை அவர்கள் போய் வந்ததை மாப்பிள்ளைதான் எனக்குத் தெரிவித்தார்.