எண்ணெய் தேய்த்துக் குளித்த ஸ்டெப்னி

எங்கள் பிக்கப்புக்கு ஐந்து டயர். நான்கு ஓடும், ஒன்று பின்தொட்டியில் நின்று ஊர் பார்க்கும். அந்த ஐந்தாவதுக்காகப் போன சாரல் சீசன் முழுக்க எங்கள் வீட்டில் சண்டை.

வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்கு ஓர் எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. தென்காசி வீட்டிலிருந்து புறப்பட்டால் பெரும்பகுதி நல்ல தார்ச்சாலை. கடைசிக் கொஞ்ச தூரம் ஓடை, உருண்டைக் கல், சேறு. அதற்காகவே அப்பா நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பிக்கப் வாங்கினார். நானோ எஞ்சினியரிங் முடித்து, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்த்து, கடைசி மீட்டிங் முடிந்த நொடியில் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவள். வண்டியோடு வந்த டயர்கள் ஓடைக்கல்லில் வழுக்கின. நச்சரித்து நச்சரித்து நான்கையும் மாற்ற வைத்தேன். இப்போது இருப்பவை பெரியவை, முரட்டுப் பல் வைத்தவை. அதோடு வாயை மூடியிருக்கலாம். ஸ்டெப்னியும் அதே அளவில்தான் வேண்டும் என்று நின்றேன். நின்று வாங்கியும் விட்டேன்.

வழக்கமாக ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்கும். கண்ணில் படாது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இந்தப் பெரியது அந்த இடத்தில் நுழையவே மாட்டேன் என்றது. ஆகவே பின்தொட்டியில், கேபினை ஒட்டி நட்டமாக நிறுத்தி, நைலான் பட்டை போட்டு இறுக்கினேன். ஆகா, என்ன கம்பீரம்! தெருவில் நிறுத்தினால் சும்மா போகிறவர்கள்கூட ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் எலுமிச்சை மூட்டை வைக்கிற இடம் போயிற்று.

"ஏட்டி, பழைய சின்ன ஸ்டெப்னி நல்லாத்தான கெடக்கு. அதை அடியில மாட்டிட்டு இதை எறக்கு" என்றார் அப்பா.

"மூணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு போட்டு ஓடையில ஏறுனா கியரு தேஞ்சு போயிரும்ப்பா. ஒரு சக்கரம் ஒரு வேகத்துல சுத்தும், இன்னொண்ணு இன்னொரு வேகத்துல..."

"ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல பூட்ஸுங்கே. புரியுது. ஆனா பஞ்சர் ஆனாத்தான அந்தப் பேச்சே வருது?"

அம்மா அதற்கு 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று பேர் வைத்தாள். "நல்ல இடமாப் பாத்து உக்காந்துக்கிட்டு ஒரு வேலையும் செய்யாது."

கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார். சீசன் முடிவதற்குள் அந்த டயர் ஒரே ஒரு தடவையாவது வண்டிக்கு உதவ வேண்டும். இல்லையென்றால் இறக்கிவிடுவார்.

"எறக்குனா எனக்குக் குடுங்க அத்தான்" என்று குறுக்கே விழுந்தார் மாமா. அம்மாவின் தம்பி, செங்கோட்டையில் வீடு. "பின்னால மாமரத்துல ஊஞ்சல் கட்டிருதேன்."

ஊஞ்சல்! பாறையில் ஏறப் பிறந்த டயரில் மாமா உட்கார்ந்து முறுக்குத் தின்றபடி ஆடுகிற காட்சி என் கண்ணுக்குள் வந்துவந்து போயிற்று.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேண்டுதல். ஒரு பஞ்சர், சின்னதாக இருந்தால் போதும். கருவேல முள்ளைக் கண்டால் பாசத்தோடு அதன்மேல் ஏற்றினேன். உடைந்த செங்கல், வெட்டிப் போட்ட வேலிக்கம்பு, எதையும் விடவில்லை. தோட்டத்திலிருந்து திரும்பியதும் டார்ச் அடித்து டயர் டயராகத் தடவிப் பார்ப்பேன். முள் இருக்கும், பல்லில் சிக்கிய கீரை மாதிரி. காற்று மட்டும் குறையாது. மாதக்கணக்கில் வீடியோ பார்த்து, அலசி ஆராய்ந்து தேர்ந்தெடுத்த டயர்கள் அல்லவா, அவ்வளவு நல்ல டயர்கள்! எனக்கே எமனாக வந்து வாய்த்தன.

மாமா வரும்போதெல்லாம் நேரே வண்டிக்குப் போய் அதைத் தடவிக் கொடுப்பார். "சாப்பாடெல்லாம் சரியாப் போடுதாளா?" என்று அதனிடமே கேட்பார். என்னைப் பார்த்துச் சிரிப்பார். "மருமவளே, நம்ம வீட்டுப் பொருளு. பாத்து ஓட்டு என்ன?"

சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனோம். அப்பா, அம்மா, மாமா, அத்தை, ஓட்டுவதற்கு நான். திரும்பும்போது செங்கோட்டையில் டயரை இறக்கிவிடுவதாக ஏற்பாடு. மாமா புதுத் தேங்காய்நார்க் கயிற்றையே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அத்தை மட்டும் என் முகத்தைப் பார்த்து, "போட்டும்ட்டி, ஊஞ்சல்ல மொதல்ல நீதான் ஆடணும்" என்றாள். அது ஆறுதலா!

பேரருவிக்குப் பக்கத்தில் அப்பாவும் மாமாவும் பெஞ்சில் குப்புறப் படுத்துவிட்டார்கள். எண்ணெய் தேய்ப்பவர் இருவரையும் அறைந்து, பிசைந்து, முறுக்கி எழுப்பிவிட்டார். உச்சி முதல் உள்ளங்கால் வரை சொட்டச் சொட்ட நல்லெண்ணெய். இடுப்பில் ஒரு துண்டு. கையை உடம்பில் படாமல் அகட்டி வைத்தபடி இரண்டு பேரும் அருவியைப் பார்க்க நடந்தார்கள். அப்போதுதான் போலீஸ்காரர் விசில் ஊதினார். மேலே மலையில் நல்ல மழை. தண்ணீர் அருவிக்கு முன்னால் இருக்கிற ஆர்ச் வளைவைத் தாண்டிக் கொட்டுகிறது. குளிக்கத் தடை.

குற்றாலத்தில் இது எல்லோரும் செய்கிற தப்பு. முதலில் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பிறகு எண்ணெய் தேய்க்க யாருக்கும் தோன்றாது.

"ஐந்தருவில விடுதாங்களாம்" என்று யாரோ சொல்ல, வண்டிக்கு ஓடினோம். நான் கதவை மறித்து நின்றேன்.

"எண்ணெயோட சீட்ல உக்காரக் கூடாது."

"ஏட்டி, வண்டி என்னுது" என்றார் அப்பா.

"சீட் கவர் நான் போட்டதுப்பா."

இரண்டு பேரும் பின்தொட்டியில் ஏறினார்கள். பிடித்துக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது? என் டயர்தான். அப்பா ஒரு பக்கம் முதுகைச் சாய்த்தார். மாமா அதைக் கட்டியே பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தால் மூன்றும் சாரலில் பளபளத்தன.

ஐந்தருவிக்குப் போகிற ஏற்றத்தில் எதிரே பஸ் வந்தது. ஓரம் ஒதுங்கினேன். சீசன் கடைக்காரர் யாரோ பந்தலுக்கு அடித்து, பிடுங்காமல் போன இரும்பு முளை ஒன்று அங்கே காத்திருந்தது. 'டப்' என்றது, அப்புறம் 'உஸ்ஸ்'.

"பஞ்சர்!" என்று கத்தினேன். பரீட்சை ரிசல்ட் வந்த மாதிரிக் கத்தியிருக்கிறேன்.

"எதுக்குட்டி சிரிக்கே?" என்றாள் அம்மா.

பின்சக்கரம் தரையோடு படிந்திருந்தது. எனக்கு அதைக் கட்டி முத்தமிட வேண்டும் போல இருந்தது. பட்டையை அவிழ்த்தேன். "தள்ளு, கனம். நாங்க எறக்குதோம்" என்று அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். எண்ணெய்க் கை, எண்ணெய் டயர். தூக்கினார்கள் என்று சொல்ல முடியாது. சோப்பு மாதிரி நழுவி, தொப்பென்று தரையில் விழுந்து, ஒரு துள்ளுத் துள்ளி, நிமிர்ந்து, இறக்கத்தில் உருள ஆரம்பித்தது.

"ஏய் புடி! புடி!"

எல்லோருக்கும் முன்னால் மாமா ஓடினார். ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, "நம்ம டயரு! நம்ம டயரு!" என்று கூவினார். பிடித்தார். அது அவர் கைக்குள்ளேயே சுற்றி நழுவிப் போயிற்று. பின்னால் அப்பா, அவர் பின்னால் நான். லாட்ஜ் மாடியிலிருந்து விசில் பறந்தது. "விடாதீங்க மாமா, இன்னும் முதுகு தேய்க்கல!" என்று ஒருவன் கத்தினான். டயர் ஒரு வளைவு எடுத்து, ரம்புத்தான் கூடைகளைத் தாண்டி, பலாப்பழக் குவியலில் போய்ப் பதமாகச் சாய்ந்து நின்றது. ஒரு பழமும் நசுங்கவில்லை.

பழக்கடை ஆச்சி அதை ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். "யாருவே இது, டயருக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டக் கூட்டியாந்தது?"

நானும் அத்தையும் சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் கைக்குச் சுற்றி அதை மேலே உருட்டிக்கொண்டு வந்தோம். ஆனால் மாட்ட முடியவில்லை. பிடித்தால் வழுக்குகிறது. அம்மா சற்று நேரம் பார்த்தாள். பையைத் திறந்து சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்தாள்.

"அம்மா, நிசமாவா?"

"எண்ணெ போகணுமா வேண்டாமா? கவுத்துப் போடு."

குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் குழைத்து, மூன்று பேரும் டயருக்குச் சீயக்காய் தேய்த்தோம். ஒவ்வொரு பல்லுக்கும் இடையில். "காதுக்குப் பின்னால தேயுங்க மதினி" என்று அத்தை சொல்ல, அம்மா சிரித்து அப்படியே நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவும் கையைச் சீயக்காயால் கழுவிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார். முழங்கையிலிருந்து வழிந்த எண்ணெய் உள்ளங்கைக்கு வந்து சேர, ஸ்பேனர் மாமா காலடியில் விழுந்தது. "நீங்க ரெண்டு பேரும் அங்கன போயி நில்லுங்க" என்றாள் அம்மா. போய் நின்றார்கள், மழையில் நனைந்த இரண்டு குத்துவிளக்கு மாதிரி.

அடுத்தது ஜாக்கி. பெரிய டயர்களால் வண்டி உயர்ந்துவிட்டது, ஜாக்கி பழையது. முழுக்க ஏற்றியும் சக்கரம் தரையை விடவில்லை. அடியில் எதையாவது வைக்க வேண்டும். வெறுந்தரையில் உட்கார்ந்தால் மூட்டு வலிக்கும் என்று அம்மா, எங்கே போனாலும் ஒரு மணைப்பலகையைத் தூக்கிக்கொண்டு வருவாள். நான் அதைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"அது எங்கம்மை வீட்டுச் சீரு."

"தேக்கும்மா. தாங்கும்."

தாங்கியது. அத்தை நட்டுகளைக் கழற்றினாள், ஸ்பேனர் மேல் ஏறி நின்று. நான் ஸ்டெப்னியைத் தூக்கிப் பொருத்த, அம்மா ஒவ்வொரு நட்டாக எடுத்துக் கொடுத்தாள். வண்டி நான்கு பெரிய கால்களில் நிமிர்ந்து நின்றபோது மாடியில் கை தட்டினார்கள்.

மாமா மட்டும் விடவில்லை. "அத்தான், எனக்குன்னு சொன்னது பின்னால இருக்க டயரு. இப்ப பின்னால இருக்கது இந்தப் பஞ்சர் டயரு. அதைக் குடுங்க."

அப்பா புதிதாக மாட்டிய சக்கரத்தைப் பார்த்தார், படிந்துபோனதைப் பார்த்தார். "வேலை செஞ்சிட்டுல்லா மாப்ள. அஞ்சும் வண்டிக்குத்தான்."

நான் குதித்தேன். பஞ்சரான டயரைத் தொட்டியில் ஏற்றி நிறுத்தினோம். கட்டப் போனால், எண்ணெய் குடித்த நைலான் பட்டை நிற்காமல் உருவிக்கொண்டே வந்தது. வேறு என்ன இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தோம். எல்லோருடைய கண்களும் மாமாவின் பையில் போய் நின்றன.

"அது ஊஞ்சலுக்கு..." என்றார் மாமா.

"எடு" என்றாள் அத்தை.

தேங்காய்நார் எண்ணெய்க்கெல்லாம் அசையவில்லை. கிண்ணென்று பிடித்தது.

ஐந்தருவியில் குளித்துவிட்டு, எஞ்சிய சாரலில் புளியோதரை சாப்பிட்டோம். மாமா அப்பளத்தைத் தின்னாமல் நொறுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தம்பியின் முகத்தைப் பார்க்கத் தாங்கவில்லை. "ஏலே, தோட்டத்து ஷெட்ல பழைய சின்ன ஸ்டெப்னி கெடக்கு. அதைக் கொண்டுபோயி ஊஞ்சல் கட்டு." அப்பாவும் தலையாட்டிவிட்டார். அதாவது, சின்னதைத் திரும்ப மாட்டலாம் என்கிற பேச்சே இனி எழாது. நான் இன்னொரு கரண்டி புளியோதரை போட்டுக்கொண்டேன்.

ஒரே சிக்கல், அந்தச் சின்ன டயருக்குள் எங்கள் கோழி அடை காக்கிறது. மாமா தினமும் போன் பண்ணுகிறார். நலம் விசாரிப்பதெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில் ஒரே கேள்விதான்.

"மருமவளே, கோழி எந்திரிச்சிட்டாட்டி?"