ஒடிந்த கொம்பு எந்தப் பக்கம்

என் பெரியம்மாவுக்குப் படப்பிடிப்புத் தளத்தில் ‘நோட்டு’ என்று பெயர். முந்தைய காட்சியில் டம்ளர் எந்தக் கையில் இருந்தது, சட்டையில் எத்தனை பட்டன் திறந்திருந்தது என்றெல்லாம் எழுதி வைத்து, அடுத்த காட்சியிலும் அது அப்படியே இருக்கப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. வீட்டிலும் இந்தப் புத்தி போகாது. சோபாவில் தலையணை ஒரு சாண் நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். பெரியப்பா அவளிடம் ஒரு பொய்கூட உருப்படியாகச் சொல்லி முடித்ததில்லை.

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் தொலைக்காட்சியில் ஒரு பூதக் குடும்பத்தின் நகைச்சுவைத் தொடர் ஓடு ஓடென்று ஓடியது. அப்பா பூதம், அம்மா பேய், அடுத்த வீட்டில் மனிதர்கள். அப்பா பூதத்துக்கு இடது கொம்பு பாதியில் ஒடிந்திருக்கும். அந்தத் தொடரை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மறுபடி எடுக்கிறார்கள். எழுதும் குழுவில் நானும் ஒருத்தி. பழைய தொடரில் அம்மா பேய் அடுப்படியை விட்டு நகரமாட்டாள். நாங்கள் அவளை ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பிவிட்டோம். எதை மாற்றினாலும் கொம்பில் மட்டும் கைவைக்கக் கூடாது, பழைய ரசிகர்கள் தோலை உரித்துவிடுவார்கள் என்றார் இயக்குநர். அந்தப் பழைய தொடரில் வேலை பார்த்தவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்று நான் வாயை விட்டேன். முதல் பகுதிக்கு மட்டும் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஐந்து வருடமாக வேலையின்றி வீட்டில் தலையணைகளை மேய்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கே புது நோட்டு வாங்கி அட்டை போட்டாள்.

பழைய தொடரில் ஒரே ஒரு பகுதியில் கொம்பு மாறியிருக்கும். அன்று ஒப்பனைக்காரர் மாதிரிப் புகைப்படத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, கண்ணாடிக்குள் தெரிந்த முகத்தைப் பார்த்தே கொம்பை ஒட்டினார். அப்படிச் செய்தால் இடம் வலமாகிவிடும். காலையில் அதைப் போய்ப் பார்த்துவிட்டுப் பெரியம்மா நோட்டில் டிக் போட வேண்டும். போகாமலே போட்டுவிட்டாள். பூதத்தின் காட்சிகளை அன்று சாப்பாட்டுக்குப் பிறகுதான் எடுத்தார்கள். ஒளிபரப்பான பின் கடிதங்கள் குவிந்தன. அப்போதைய இயக்குநர் கூப்பிட்டுக் கேட்டபோது, “காலைல பாத்தேன் சார், சரியாத்தான் இருந்துச்சு. சாப்பாட்டு நேரத்துல அவர் கழட்டி மாட்டியிருப்பாரு” என்றாள். வயது இருபத்திநான்கு, முதல் வேலை. நான் கழற்றவே இல்லை என்று ஒப்பனைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. மறுநாள் முதல் அவருக்கு அங்கே வேலை இல்லை.

பிறகு அவர் கடைவீதிக்குப் பின்தெருவில் முடிவெட்டும் கடை வைத்து, மாடியிலேயே குடியிருந்தார். எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு அந்தத் தெருதான் குறுக்கு வழி. பெரியம்மா மட்டும் தபால் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போவாள். கேட்டால், நடப்பது முட்டிக்கு நல்லது என்பாள். உண்மைக் காரணத்தைப் புதிய தொடரின் படப்பிடிப்பு தொடங்கிய அன்று மாலைதான் என்னிடம் சொன்னாள்.

அந்த முதல்நாள் காலை ஒப்பனை அறைக்கு அவள் போனாள். வேலை முடியவில்லை, பத்து நிமிடத்தில் வாருங்கள் என்றாள் ஒப்பனைக்காரப் பெண். இங்கே ஒருவர் கூப்பிட, அங்கே ஒருவர் கூப்பிட, மறுபடி போக நேரமில்லை. டிக் மட்டும் போட்டாள். மூன்றாவது காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றாள்.

“நிறுத்துங்க சார். கொம்பு மாறியிருக்கு.”

பூதமாக நின்றவர் இரண்டு கொம்பையும் தடவிப் பார்த்தார். ஒப்பனைக்காரப் பெண் ஓடிப்போய் மாதிரிப் புகைப்படத்தை எடுத்து வந்தாள். அவளும் படத்தைக் கண்ணாடியில்தான் ஒட்டியிருந்தாள்.

“கம்ப்யூட்டர்ல படத்தை இடம் வலமாத் திருப்பிடலாமே?” என்றார் உதவி இயக்குநர்.

“சுவத்துக் கடிகாரமும் சேர்ந்து திரும்பும் தம்பி,” என்றாள் பெரியம்மா.

இயக்குநர் நிதானமாகத்தான் கேட்டார். “காலைல நீங்க பாத்தீங்களா?”

அதே கேள்வி. பெரியம்மா நோட்டைத் திறந்தாள், மூடினாள். நானாக இருந்தால் சாப்பாட்டு நேரத்தின் மேல் பழியைப் போட்டிருப்பேன்.

“பாக்கல சார். பாக்காமலே டிக் போட்டேன். அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க. பாத்துச் சொல்லத்தான் என்னை வச்சிருக்கீங்க.”

அரை நாள் வேலை வீண். மூன்று காட்சிகளையும் மறுபடி எடுத்தார்கள். அடுத்த பகுதிக்கு அவள் வர வேண்டுமா என்பதை நாளைக்குச் சொல்கிறேன் என்றார் இயக்குநர். அவளை நினைத்து எனக்கு வருத்தமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பேருந்தைவிட்டு இறங்கியதும் அவளோடு வரும்போதெல்லாம் செய்வதுபோல நான் தபால் நிலையம் பக்கம் திரும்பினேன். பெரியம்மா திரும்பவில்லை. குறுக்குத் தெருவில் நடந்துகொண்டே பழைய கதை முழுவதையும் சொன்னாள். சொல்லி முடிக்கவும் கடை வாசல் வரவும் சரியாக இருந்தது.

உள்ளே கூட்டமில்லை. எழுபது வயதிருக்கும் அவருக்கு. சீப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அவளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“நோட்டுதானே? வாம்மா.”

பெரியம்மா உட்காரவில்லை. “அண்ணே, அன்னைக்கு நான் காலைல வந்து பாக்கவே இல்ல. பாத்தேன்னு பொய் சொன்னேன். நீங்க கழட்டி மாட்டினீங்கன்னு சொன்னதும் நான்தான்.”

அவர் துடைத்த சீப்பையே மறுபடி துடைத்தார். பெரியம்மா அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

“நான் கழட்டலேன்னு சொன்னா என் வீட்டுக்காரியே நம்பலம்மா,” என்றார் கடைசியில். “ஒரு ஞாபகமறதிக்காரனைக் கட்டிக்கிட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்றா. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, கழட்டித்தான் மாட்டினேனோன்னு.”

சீப்பை வைத்துவிட்டு மாடிப்படியைக் காட்டினார்.

“மேலதான் இருக்கா. வந்து அவகிட்ட இதைச் சொல்லும்மா.”

முட்டியைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா முன்னால் ஏறினாள்.