ஜெர்மன்காரரிடம் எப்படிப் பேசுவது

வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குச் சொல்லித்தருவது என் வேலை. மலேசியாவில், குளுவாங்கில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடியே கணினி வழியாக வகுப்பெடுப்பேன். சிங்கப்பூர் அலுவலகம் ஒன்றில் வெளிநாட்டு விருந்தினர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். அதை வைத்து எனக்கு நிபுணர் என்று பெயர். ஜெர்மனியைப் பற்றி மட்டுமே அரை நாள் பேசுவேன். விமானம் மாறுவதற்காக ஃபிராங்க்ஃபர்ட்டில் காத்திருந்ததைத் தவிர அந்த நாட்டோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பக்கத்து ஊரான காஹாங்கிலிருந்து ஒரு பெண் வகுப்பில் சேர்ந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையைக் கைப்பேசியில் படமெடுத்தால் பழுத்துவிட்டதா இல்லையா என்று சொல்லும் செயலி ஒன்றை உருவாக்கியிருந்தார். கலகலப்பானவர், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். மியூனிக்கில் ஒரு முதலீட்டாளர் அவருக்கு நேரம் கொடுத்திருந்தார்.

“அவங்ககிட்ட வளவளன்னு பேசக் கூடாதும்மா,” என்றேன். “குடும்பம், சாப்பாடு எதுவும் வேணாம். கேட்டதுக்கு மட்டும் பதில். அவங்க எதையும் சுத்தி வளைச்சுப் பேசமாட்டாங்க. நல்லா இருக்குன்னா நல்லா இருக்குன்னுதான் அர்த்தம்.”

“சிரிக்கலாமாக்கா?”

“ஆரம்பத்துல ஒரு தடவ.”

இணையம் வழியாகப் பேச்சு நடந்த அன்று நான் முகம் காட்டாமல் ஓரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திரையில் தோன்றிய ஜெர்மன்காரர் எங்கள் ஊர்ப் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டிருந்தார். எடுத்த எடுப்பிலேயே, சாப்பிட்டாச்சா என்று மலாயில் விசாரித்தார். “சூடா மக்கான்?”

“சாப்பிட்டேன்,” என்றார் இவர் ஆங்கிலத்தில். ஒரு தடவை சிரித்தார்.

அம்மா அப்பா நலமா என்று கேட்டார் அவர். நலம். டுரியான் பழப் பருவம் வந்துவிட்டதா? இல்லை. ஜெர்மன்காரரின் புன்னகை சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் வேறு வழியில்லாமல் செயலியைப் பற்றிக் கேட்டார். இவர் விளக்கி முடித்ததும், மிகவும் சுவாரஸ்யமாக இருக்கிறது, மறுபடியும் பேசுவோம் என்று விடைபெற்றார்.

உடனே எனக்கு அழைப்பு வந்தது. “சுவாரஸ்யமா இருக்குன்னு சொன்னாரு. அப்படின்னா அப்படித்தானேக்கா?”

“அப்படியேதான்மா.”

வாரங்கள் ஓடின. அந்தப் பெண் எழுதிய ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் இனிப்பாகப் பதில் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. அதை நம்பி இவர் வேலைக்கு ஆள் எடுக்க ஆரம்பித்திருந்தார்.

“நேராவே கேட்டுடவாக்கா?”

“வேணாம்மா, மரியாதையா இருக்காது.”

“அவங்க நேராப் பேசறவங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

நான் என் பாடக் குறிப்பைப் புரட்டினேன். அதற்குள் அந்தப் பெண் எழுதியேவிட்டார்: ஆமாவா, இல்லையா?

சில நிமிடங்களில் பதில் வந்தது. இல்லை. அவருடைய நிறுவனம் விவசாயத்தில் முதலீடு செய்வதே கிடையாது. முதல் நாளே அவருக்கு அது தெரியும். ஆனால் மலேசியர்களிடம் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லக் கூடாது, குடும்பத்தையும் சாப்பாட்டையும் விசாரித்துவிட்டுத்தான் வேலையைப் பேச வேண்டும் என்று பெர்லினில் ஓர் ஆலோசகர் அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தாராம். அன்று நீங்கள் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னீர்களே, உங்கள் பெற்றோரைப் பற்றி ஏதும் தவறாகக் கேட்டுவிட்டேனா என்றும் எழுதியிருந்தார்.

அதை எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டும்போது அந்தப் பெண்ணின் குரல் கோபத்தில் உயர்ந்தது. பாதியில் சிரிப்பு வந்துவிட்டது.

“அலமாக், அவருக்கும் உங்கள மாதிரி ஒருத்தர் இருந்திருக்காங்க லா.”

மறுநாள் என்னிடம் சொல்லாமலே அவரை அழைத்துப் பேசியிருக்கிறார். தன் அப்பாவின் லாரி, ஜெர்மன்காரருடைய மகளின் கல்யாணம் என்று பேச்சு எங்கெங்கோ போயிருக்கிறது. முதலீட்டாளரைத் தேடி அலையாதீர்கள், முதலில் எண்ணெய் ஆலைக்காரர்களிடம் விற்றுப் பாருங்கள் என்று அவர் சொன்னாராம். இப்போது சிகாமட் பக்கம் ஓர் ஆலையில் அந்தச் செயலி ஓடுகிறது. எடுத்த ஆட்களை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

வகுப்புக்கு அவர் திரும்பி வரவில்லை. என் இணையப் பக்கத்துக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டேன். “ஜெர்மன்காரர்களைப் பற்றி அக்கா சொன்னதை என்னால் மறக்கவே முடியாது” என்று எழுதி அனுப்பினார். அதை அப்படியே போட்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.