நான் இட்ட கையொப்பம்

ஓய்வுபெறும் வரை தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன் நான். விதிமுறைகள் எல்லாம் மனப்பாடம். டென்மார்க்கின் இக்காஸ்ட் நகர நூலகத்தில், ஓர் ஆய்வுக்காக அவரவர் இடத்தில் வைத்து அறை வெப்பத்தை அளக்கும் கருவியை நாங்களே செய்யப் பழக்கினார்கள். அங்கே நானே முதல்வன் என்று நம்பிச் சேர்ந்தேன். பக்கத்து இருக்கையில் சாந்தி, முதியோர் இல்லப் பணியாளர். அவர் ஈயம் பற்றவைத்தால் முத்துப்போல் நின்றது. என்னுடையது காக்கை எச்சம்.

மின்சாரம் கொடுக்கும் முன் பக்கத்தில் இருப்பவர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்பது வகுப்பின் விதி. கடைசி நாள் சாந்தி தன் கருவியையும் தாளையும் நீட்டினார்.

"அண்ணை, ஒருக்கா வடிவாப் பாருங்கோ. எங்கட இல்லத்து ஆக்கள் வெக்கையில படுற பாட்டை இதாலயாவது காட்டவேணும்."

இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தன. கண்டும், "திறம், பிள்ளை" என்று கையொப்பமிட்டேன்.

மின்சாரம் கொடுத்த அடுத்த நொடி அதிலிருந்து புகை. மாற்றுக் கருவியும் இல்லை. யார் சரிபார்த்தது என்று ஆசிரியை டேனிஷில் கேட்டார். சாந்தி என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சரியாத்தான் பார்த்தனீங்கள் அண்ணை. பிறகு நான்தான் கையை வைச்சுக் குழப்பிப்போட்டன்."

அதையே ஆசிரியைக்கும் சொன்னார். உண்மையாகவே அப்படி நம்பினார். நான் என் கருவியைப் பைக்குள் எடுத்து வைத்தேன்.

இப்போது என் வரவேற்பறையின் வெப்பம், யாருக்கும் வேண்டாதது, ஆய்வில் ஒழுங்காகப் பதிவாகிறது. அந்த இல்லத்தின் வெப்பம் பதிவாகவில்லை. அன்றுவரை சாந்தியின் கைகள்மீது பொறாமைப்பட்டேன். இன்று, என்னைச் சந்தேகிக்கத் தெரியாத அந்த மனதின்மீது.