பெண்கடலில் ஒரு முங்கு

எங்கள் ஊர்க் கண்மாயில் குளிப்பதற்கு இரண்டு துறைகள். மடையை ஒட்டியது ஆம்பளைத் துறை. ஆள் மூழ்கும் ஆழம். மடைக்கல் மேல் ஏறி நின்று குதித்தால் தலை தரையில் தட்டாமல் திரும்பி வரலாம். கரையோடு கொஞ்சம் தள்ளிப் போனால் பொம்பளைத் துறை. அங்கே முழங்கால் அளவுத் தண்ணீர், அதிலும் பாதி சேறு. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ தெரியாது. துணி துவைப்பதைத் தவிரப் பெண்களுக்குத் தண்ணீரில் வேறு வேலை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சாயல்குடிக்கு வடக்கே, வானத்தை நம்பி மிளகாய் போடுகிற ஊர். ஐப்பசி மழைக்குப் பிறகு சில மாதங்கள்தான் கண்மாயில் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களுக்காகவே மீதி வருஷத்தை நான் தள்ளிக்கொண்டிருந்தேன். மார்கழிக் காலையில் மடைக்கல்லிலிருந்து குதித்தால் குளிர் காதைப் பிடித்துத் திருகும். உள்ளே போகப் போக ஊர்ச்சத்தம் அடங்கிவிடும். அது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஏன் என்று அப்போதும் சொல்லத் தெரியாது, இப்போதும் தெரியாது.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருஷம் அதற்கு முடிவு வந்தது. "வளந்த புள்ள, இனிமே அங்கிட்டுப் போகக்கூடாது" என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அன்றிலிருந்து பொம்பளைத் துறைதான். அம்மா அங்கே கல்லில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வாள். முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டாள். கேட்டால், தனக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்பாள். இப்படியொரு பயந்தாங்கொள்ளிக்குப் பிள்ளையாக வந்து பிறந்தோமே என்று மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டு நான் சேற்றைக் கழுவுவேன். மடைப்பக்கமிருந்து பையன்கள் தொப்புத் தொப்பென்று குதிக்கும் சத்தம் கேட்கும். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. மறுபடி ஒரே ஒரு தடவை ஆழத்தில் குதிக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த வருஷம் நான் சாமியிடம் கேட்டுக்கொண்டது.

தை அமாவாசைக்குத் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க, அய்யா எங்களை ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப்போனார். அய்யாவின் தம்பியான சித்தப்பா தங்கச்சிமடத்தில் குடியிருந்து, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தின் உச்சிக்கு வந்ததும், சவாரிக்காரர்களிடம் பேசிப் பழகிய அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்தா, இடது கைப்பக்கம் தெரியுதுல்ல, இது பெண்கடல். அந்தப் பக்கம் ஆண்கடல்."

வேறு பிள்ளையாக இருந்தால் அதற்கு அர்த்தம் கேட்டிருக்கும். எனக்குத் தேவைப்படவில்லை. துறையைப் பிரித்து வைத்திருக்கும் ஊரிலிருந்து வந்தவளுக்குக் கடலைப் பிரித்து வைத்திருப்பது புரியாதா என்ன? ஆனாலும் இந்த ஊர்க்காரர்களின் நியாயம் என்னை அசத்திவிட்டது. பொம்பளைகளுக்குச் சரிபாதி கொடுத்திருக்கிறார்கள். வானம் தொடுகிற தூரம் வரை கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி.

"பெண்கடல் ஆழமா சித்தப்பா?"

"போட்டெல்லாம் போகுது, ஆழம் இல்லாமயா ஆத்தா?"

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாலம் இறங்கும்போது தெற்குக் கரையில் பையன்கள் ஒரு கல்சுவரிலிருந்து குதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அது ஆண்கடல், குதிக்கட்டும்.

அக்னி தீர்த்தத்தில் அய்யா என் கையை விடவே இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில், முன்னும் பின்னும் ஆள் இடிக்க, மூக்கைப் பிடித்து மூன்று முங்கு போட்டதோடு சரி. தர்ப்பணம் முடிந்து சித்தப்பா வீட்டுக்கு வந்தோம். படையல் போட்டுக் காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. அம்மா அடுப்படிக்குப் போனாள். அய்யாவும் சித்தப்பாவும் மிளகாய் விலை பேச உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் வடக்குக் கடல், அதே பெண்கடல். அதற்குள் நீட்டிக்கொண்டு, படகு கட்டுகிற ஒரு கல் ஜெட்டி. அங்கே ஈ காக்கை இல்லை. பெண்கள் எல்லாரும் அமாவாசைச் சமையலில் மாட்டிக்கொண்டிருப்பார்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டே ஜெட்டியின் முனைக்கு ஓடினேன்.

பெண்கடல் என்றால் அலை அடங்கிய கடல் என்று அர்த்தமாம். அதுவும் வருஷம் முழுக்க இல்லை. தை மாதம் போல வாடைக்காற்று வீசுகிற மாதங்களில் தெற்குக் கடல் சாதுவாகிவிடும், வடக்குக் கடல் சாமியாடும். அந்த ஊரில் தவழுகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். குதித்தவள் அந்த ஊர்ப் பிள்ளை இல்லை.

முதலில் எல்லாம் நான் கேட்டபடியே நடந்தது. அதே குளிர். அதே சத்தமில்லாமை. தரை தட்டவே இல்லை. மேலே வந்து கண்ணைத் திறந்தபோது ஜெட்டி தள்ளிப் போயிருந்தது. கண்மாய்த் தண்ணீர் நாம் குதித்த இடத்திலேயே நம்மை வைத்திருக்கும். இது என்னைக் கேட்காமல் எங்கோ கூட்டிக்கொண்டு போனது. கத்த வாயைத் திறந்தேன், உப்புத் தண்ணீர் உள்ளே போனது.

சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா ஜெட்டியில் ஓடி வருவது தெரிந்தது. விழுந்து சாகப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சேலையை வரிந்து கட்டினாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் சேர்த்தாள். தலைகீழாக இறங்கினாள். தண்ணீர் தெறிக்கக்கூட இல்லை. எங்கள் ஊர் ஆம்பளைத் துறையில் அப்படிக் குதிக்கத் தெரிந்த ஆள் கிடையாது. பின்னாலிருந்து என் கக்கத்தில் கைகொடுத்து, எதிர்த்து மல்லுக்கட்டாமல் காற்றோடு சாய்ந்து நீந்தி, ஜெட்டியின் மறைவுப் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். அங்கே அலை இல்லை. படியில் என்னை உட்காரவைத்து முதுகில் இரண்டு வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு ஓடிவந்த அய்யாவும் சித்தப்பாவும் வந்து சேர்ந்தபோது அம்மா மறுபடி இறங்கிக் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மதினி, இம்புட்டு நீச்சல் எங்கன பழகுனீக?" என்றார் சித்தப்பா.

"எங்க ஊருக் கெணத்துலதான். கல்யாணத்துக்கு முந்தி."

அய்யா எனக்குத் துண்டைப் போர்த்திவிட்டு அவளையே பார்த்தார். "எங்கிட்ட ஒருநாளும் சொல்லலையே" என்றார்.

"சொல்லி என்ன செய்ய?"

அய்யா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஏறி வா, சோறு ஆறுது" என்றார்.

"கொலுசு ஒன்னு கழண்டு விழுந்துருச்சு. பாத்து எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அம்மா முங்கினாள்.

வெள்ளிக் கொலுசு என்பதால் அய்யா மறுப்புச் சொல்லவில்லை, படியில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா மேலே வந்தாள், மூச்சு இழுத்தாள், மறுபடி முங்கினாள். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நேரமாயிற்று. எழும்போது தண்ணீர் வழியும் அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. திருப்பூரில் நான் இருக்கும் குடியிருப்பில் நீச்சல்குளம் இருக்கிறது, வந்து இருங்களேன் என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். மூட்டு வலி என்கிறாள். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்ற ஏக்கம் எனக்கு இருக்கிறது. அவளிடம் அதை எப்படிக் கேட்பது?

ஒரு முங்கில் அம்மாவின் பாதங்கள் இரண்டும் தண்ணீருக்கு மேலே எழும்பி, வெயிலில் மின்னிவிட்டு உள்ளே போயின. குளிரில் பல் அடிக்க உட்கார்ந்திருந்த நான்தான் அதை முதலில் பார்த்தேன். அவள் தலையைத் தூக்கியதும் ஓர் உபகாரம் செய்கிற சந்தோஷத்தோடு கத்தினேன்.

"அம்மா, ரெண்டு கொலுசும் கால்லதான் கெடக்கு."

அய்யா எழுந்து நின்றார். அம்மா என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். காதில் தண்ணீர் புகுந்திருக்கும், நான் சொன்னது விழவில்லை என்று நினைத்து, மேலே வந்ததும் இன்னும் சத்தமாகச் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.