கமாயிஸின் பல்லும் காற்றுக்குழாயும்

ஜர்ஜிஸ் துறைமுகத்திலிருந்து இருபத்திரண்டு வருஷம் கடற்பஞ்சு எடுக்கப் போனவன் கமாயிஸ். படகில் காற்று எந்திரம் என் பொறுப்பு. நான் அனுப்புகிற காற்று நீளக் குழாய் வழியாகக் கீழே போகும். குழாயின் ரப்பர் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு பத்துப் பாகம், அதாவது பத்து ஆள் ஆழத்தில் அவன் மூச்சு விடுவான். கடி விட்டால் மூச்சும் போச்சு.

கேடு தொடங்கியது ஆறு வருஷத்துக்கு முந்தைய ரமலானில். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் கசிந்தது. விழுங்கி நோன்பு முறிந்துவிடுமோ என்று பயந்து தேய்ப்பதை நிறுத்தினான். நோன்பு திறந்த பிறகு கெட்டித் தேநீர், சிகரெட், அப்படியே தூக்கம். பெருநாள் போயும் பிரஷைத் தொடவில்லை. தொட்டால்தானே ரத்தம், சும்மா விட்டால் ஆறிவிடும் என்றான். நானும் தலையாட்டினேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

வலியே இல்லை. வலித்திருந்தாலாவது ஓடியிருப்பான். வாய்தான் நாறியது. ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு திரிந்தான். அவன் மனைவி ஸக்கியா என் முன்னாலேயே சொன்னாள்:

"அண்ணே, இவரு வாயத் தொறந்தா ஆக்டோபஸ் காயப் போட்ட மாதிரி இருக்கு. படகுல எப்படித்தான் கூட இருக்கீங்களோ!"

"எந்திரப் புகை இருக்கும்மா. அது காப்பாத்துது."

போன வசந்தத்தில் ஒருநாள் இருமிக்கொண்டே மேலே வந்தான். ரப்பர் முனையெல்லாம் ரத்தம்.

"கடி நிக்கல ஃபர்ஜானி. மேல முன்பல்லு ரெண்டும் ஆடுது."

"காட்டுடா. அட நாசமாப் போறவனே, கதவு மாதிரி ஆடுதே!"

மருத்துவமனைக்கு நான்தான் இழுத்துப் போனேன். பல் டாக்டர் ஓல்ஃபா மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டுப் பார்த்தார். அது போய்க்கொண்டே இருந்தது.

"பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பை விழுந்திருக்கு. உள்ள அழுக்கு காரையா, கல்லா உறைஞ்சு கெடக்கு. பல்லைப் பிடிச்சிருந்த எலும்பு கரைஞ்சுபோச்சு. போனது தானா வளராது."

"ரத்தம் வந்துச்சுன்னுதானே தேய்க்கிறத விட்டேன், டாக்டரம்மா."

"அழுக்கு படிஞ்சதாலதான் ரத்தமே வந்துச்சு. மிருதுவான பிரஷால ஈறு ஓரமா தேய்ச்சிருந்தா கொஞ்ச நாள்ல நின்னிருக்கும். நிக்கலைன்னா அப்பவே இங்க வந்திருக்கணும்."

"கடிச்சாத்தான் எனக்கு மூச்சு. இந்த ரெண்டும் நிக்குமா?"

அவர் கையுறையைக் கழற்றினார். "ரெண்டும் நிக்காது. மத்ததைக் காப்பாத்தலாம். சிகரெட்டை விடணும்."

நாலு தடவை அவனைக் கூட்டிப் போனேன்; ஈறுக்கு அடியில் காரையை டாக்டர் சுரண்டி எடுத்தார். இரண்டு பல் போனது. பொய்ப்பல் வைத்துக்கொண்டு ஐந்து பாகம் இறங்கிப் பார்த்தான். ரப்பரோடு சேர்ந்து அதுவும் கழன்று வந்தது. மேலே வந்தவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துண்டால் தலையைத் துவட்டினான். அதற்குப் பிறகு இறங்கவில்லை.

இப்போது அவன் மேலே நின்று குழாயை விட்டுக் கொடுக்கிறான். கீழே இறங்குகிறவன் வேறு ஆள். கமாயிஸுக்கு இப்போது பாதிக் கூலிதான்.

நோன்பைப் பற்றி இமாமிடம் கேட்டேன். "ரத்தத்தைத் துப்பு, முழுங்காத. இதுக்கா ஆறு வருஷம்?" என்றார்.

இந்த ரமலானில் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டை முடித்துவிட்டுத் துறைக்கு வந்தோம். நோன்பு தொடங்கும் பாங்கொலிக்கு இன்னும் நேரம் இருந்தது. இருவரும் பிரஷோடு நின்றோம். நான் துப்பினேன். சிவப்பாக இருந்தது. சட்டென்று கையை எடுத்தேன்.

"நிறுத்தாதடா கழுதை," என்றான் கமாயிஸ், பல்லில்லாத இடத்தில் காற்றுப் போக. "மெதுவா தேய். காலையில நீ அந்த டாக்டரம்மாகிட்ட போ. எந்திரத்தை நான் பாத்துக்கிறேன்."

நான் மறுபடி தேய்த்தேன். அவன் குழாயின் ரப்பர் முனையை நல்ல தண்ணீரில் கழுவி, அடுத்தவனுக்காக ஆணியில் மாட்டினான்.